ஒரு கட்டம் கீழே

கொல்லாவிளையில் எல்லாருடைய நோயும் ஒரு வரி கீழே இறங்கிப் போன அன்று காலையில், நான் வழக்கம்போல என் ஜெராக்ஸ் கடை முன்னால் தண்ணீர் தெளித்து, செம்மண் தூசி அடங்கட்டும் என்று கொஞ்சம் நின்று, ஷட்டரைத் தூக்கக் குனிந்தபோதுதான் என் குதிகால் வலியைக் காணோம் என்பதைக் கவனித்தேன். எத்தனையோ வருஷமாக என்னோடு குடியிருந்த வலி அது, காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போதே உயிர் போய் உயிர் வரும், அது இல்லாமல் நான் கடை வரைக்கும் நடந்து வந்திருக்கிறேன், எனக்கே தெரியவில்லை. இன்னொருத்தி என்றால் சந்தோஷப்பட்டிருப்பாள். எனக்கு ஆத்திரம்தான் வந்தது, என் சுபாவம் அப்படி. என் பொருள் ஒன்று காணாமல் போனால், அது வலியாகவே இருந்தாலும், எவன் எடுத்தான் என்றுதான் முதலில் கேட்பேன். கேட்கத்தான் வாயைத் திறந்தேன், மூச்சு வரவில்லை. ஷட்டர் பாதியில் நிற்க, நெஞ்சுக்குள் யாரோ ஈரத் துணியை முறுக்கிப் பிழிகிற மாதிரி ஆகி, அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

வினை எல்லாம் எதிரே இருக்கிற சின்ன ஆஸ்பத்திரியில் நடந்தது. முன்பெல்லாம் அங்கே டாக்டரம்மா துண்டுச் சீட்டில் எழுதித் தருவார், சீட்டு தொலையும், ஆள் மறுபடி வந்து முதலிலிருந்து கதை சொல்வார். அந்தத் தொல்லை வேண்டாம் என்று யாரோ புண்ணியவான்கள் ஒரு கம்ப்யூட்டரைக் கொடுத்து, இணையத்தில் ஒரு அட்டவணையும் திறந்து கொடுத்தார்கள். ஊரில் நோயுள்ள ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு வரி. பெயர், வயது, வீடு, நோய், மாத்திரை என்று கட்டம் கட்டமாகப் போய், கடைசியில் 'கூட வருபவர்' என்று ஒரு கட்டம். அந்தக் கடைசிக் கட்டத்தைக் கேட்டுச் சேர்த்தது டாக்டரம்மாதான். எங்கள் பக்கத்தில் எந்தப் பெரியாஸ்பத்திரிக்குப் போனாலும் உடம்புக்கு என்ன என்று கேட்பதற்கு முன்னால் 'கூட யாரு?' என்றுதான் கேட்பார்கள், கூட ஆள் இல்லாதவனுக்குக் கட்டில் கிடையாது.

அட்டவணையைப் பார்த்துக்கொண்டது தங்கபுஷ்பம். என் அடுத்த வீட்டுக்காரி, பயந்த பிள்ளை, யாராவது கொஞ்சம் குரலை உயர்த்திப் பேசினாலே கை தன்னால் எழுதிவிடும். அவள் புருஷன் சேர்மத்துரை குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவன், இதயம் பெருத்துப்போய், வண்டியை வீட்டு முன்னால் நிறுத்தி தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். நான் ஒற்றைப் பிள்ளை, அப்பா அம்மா போய்ச் சேர்ந்தாயிற்று, பெண் பார்க்க வந்தவர்களை என் வாயே துரத்திவிட்டது, ஆகவே என் வரியில் கூட வருபவர் என்ற கட்டத்தில் புஷ்பத்தின் பெயர்தான் இருந்தது.

அட்டவணையில் வரிகள் வீட்டு வரிசைப்படி போகும், ஆனால் பிரசிடெண்ட் வீடு எந்தத் தெருவில் இருந்தாலும் முதல் வரி அவருக்குத்தான், எங்கள் ஊரில் கோயில் பிரசாதத்திலிருந்து கல்யாணப் பந்தி வரைக்கும் அப்படித்தான். அதில் ஒரு சங்கடம் வந்தது. முதல் வரி என்பதால், அட்டவணையைத் திறந்த உடனே அவர் பெயரும், பக்கத்திலேயே 'மூலம்' என்பதும் எல்லார் கண்ணிலும் படும். அவர் நேரில் வந்து நின்று, "ஏ புள்ள, எம்பேரு மேலேயே இருக்கட்டும். அந்த நோயி இருக்குல்லா, அத மட்டும் கண்ணுல படாம கொஞ்சம் கீழ தள்ளிப் போடு" என்றார். புஷ்பம் என்ன செய்வாள், தள்ளிப் போட்டாள். அந்த ஒரு கட்டம் கீழே இறங்கினதும் அதற்குக் கீழே இருந்தது அதற்கும் கீழே இறங்கி, அது அடுத்ததைத் தள்ளி, நோய் வரிசை முழுக்க தடதடவென்று ஒரு கட்டம் இறங்கிவிட்டது. பெயர்கள் மட்டும் அசையாமல் நின்ற இடத்திலேயே நின்றன. அவள் பதறிப்போய் 'பழையபடி ஆக்கு' என்ற பொத்தானை அமுக்கப் போன நேரத்தில் கரண்ட் போய்விட்டது, இணையத்தில் இருப்பது ஆகையால் அது தன்னைத் தானே சேமித்துக்கொண்டது.

சேமித்த உடனே ஊரும் அப்படியே ஆகிவிட்டது. பிரசிடெண்ட் மெத்தை இல்லாத நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்து பேப்பர் படித்தார். அவருக்கு அடுத்த வரிக்காரரான கோயில் தர்மகர்த்தா உட்கார முடியாமல் உண்டியல் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார், சனங்கள் அதைப் பக்தி என்று நினைத்தார்கள். காலேஜுக்குப் போகிற ஒரு பிள்ளையின் மாதாந்திர வயிற்றுவலி பரோட்டா மாஸ்டர் சங்கிலிபூதத்துக்குப் போனது. அவர் ஆறடி ஆள், மாவை வீசினால் தெருவே பார்க்கும், அப்பேர்ப்பட்ட மனுஷன் கல்லுக்குப் பின்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, "எம்மா, இத வச்சுக்கிட்டா நீங்கள்லாம் பஸ் ஏறிப் போயி பரீச்ச எழுதுதீங்க?" என்று கண் கலங்கக் கேட்டார். சேர்மத்துரைக்கு அவனுக்கு மேல்வரிக்காரியின் ஒற்றைத் தலைவலி வந்தது. அவன் வரிக்குக் கீழே இருந்த எனக்கு அவனுடைய இதயம்.

டாக்டரம்மா திரையைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், குழல் வைத்துக் கேட்டார், சுருள் சுருளாகக் காகிதம் எடுத்துப் பார்த்தார். எல்லாம் திரையில் இருக்கிற மாதிரியே இருந்தது. "கனியக்கா, இது நான் படிச்சதுல இல்ல" என்று என்னிடம் சொல்லிவிட்டு, படிச்சதில் இல்லாவிட்டாலும் மூச்சு வாங்குகிறதே என்று சேர்மத்துரைக்கு எழுதிய மாத்திரையை எனக்கு எழுதிக் கொடுத்தார். புஷ்பம் கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் பேசிய பெண், "உங்க டேபிள்ல தப்பு எதுவும் காட்டலையே மேடம், ஒவ்வொரு நோய்க்கும் ஒரு ஆள் இருக்காங்களே" என்று சொல்லி, வேறு உதவி வேண்டுமா என்று மரியாதையாகக் கேட்டுப் போனை வைத்துவிட்டாள்.

சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். பழையபடி ஒரு வரி மேலே ஏற்றிவிட்டால் போச்சு என்று எல்லாரும் சொன்னார்கள், ஆனால் ஒரு கட்டத்தில் ஒரு நோய்தான் நிற்கும் ஆகையால், மேலே இருப்பவர் தன்னுடையதைத் திரும்ப வாங்கிக்கொண்டால்தான் கீழே இருப்பவர் இறக்கி வைக்க முடியும், அப்படியே மேலே மேலே போனால் கடைசியில் எல்லாம் பிரசிடெண்ட் முன்னால் போய் நின்றது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஊருக்கு நல்லது எதுவோ அத யோசிச்சு ஒரு கமிட்டி போட்டு முடிவு பண்ணுவோம்" என்றார். சொல்லிவிட்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தார், அவர் அப்படி உட்கார்ந்து நாங்கள் பார்த்ததே இல்லை. தர்மகர்த்தா நின்றுகொண்டே பல்லைக் கடித்தார்.

கமிட்டியா கூடப்போகிறது! ஆனால் சனங்கள் எதற்கும் பழகிவிடுவார்கள், எனக்கு அதுதான் இன்றைக்கும் பிடிபடாத அதிசயம். கொஞ்ச நாளிலேயே மேல்வீடு கீழ்வீடு என்று ஒரு பேச்சு வந்துவிட்டது. உன் நோய் யாருக்குப் போனதோ அவர் உன் கீழ்வீடு, அவரை ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்து, அந்த நோயை எப்படிக் கையாளவேண்டும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வரவேண்டும், வெறுங்கையோடு போகக் கூடாது. சர்க்கரைக்காரர் ஊசியைக் கொண்டுபோய்த் தொடையில் எங்கே போட்டால் வலிக்காது என்று காட்டினார். ஆஸ்துமாக்காரி மழை வாடை அடித்த உடனே என்ன செய்யவேண்டும் என்று பாதிரியாருக்குச் சொல்லிக் கொடுத்தாள். அந்தக் காலேஜ் பிள்ளை சங்கிலிபூதத்துக்கு ரப்பர் பையில் வெந்நீர் ஊற்றிக் கொடுத்து, "மாமா, கோவம் கோவமா வரும், மாமிட்ட காட்டிராதீங்க" என்றது. பேச்சுவார்த்தை இல்லாமல் வேலித் தகராறில் கிடந்த குடும்பங்கள்கூட மூட்டு வலியைப் பற்றி வேலிக்கு இருபுறமும் நின்று பேசின. நானும் போனேன், என் குதிகாலை வாங்கியிருந்த தையல்காரர் வீட்டுக்கு ஒரு தேங்காயெண்ணெய் பாட்டிலைக் கொண்டுபோய், "காலைல எந்திச்ச ஒடனே காலத் தரையில ஊனாதீரும், மொதல்ல பாதத்தப் பையப் பைய சுத்தும்" என்று சொன்னேன், சொல்லும்போது என் பொருளை இன்னொருத்தர் வீட்டில் பார்க்கிற மாதிரிப் பொறாமையாக இருந்தது.

என் மேல்வீடு சேர்மத்துரை. அவன் ஞாயிற்றுக்கிழமை நாலு தலையணையோடு வந்தான். என் வீட்டு மாடிப்படியைத் தாவித் தாவி ஏறி வந்துவிட்டு, நான் பார்ப்பதைப் பார்த்ததும், ஏறியிருக்கக் கூடாதோ என்று முகம் செத்துப்போய் நின்றான். பிறகு என் கட்டிலில் தலையணைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, "மல்லாக்கப் படுத்துராதீங்க யக்கா, தண்ணிக்குள்ள முங்குன மாதிரி இருக்கும். சாஞ்சாப்புல படுங்க. உப்பக் கொறச்சிருங்க. தண்ணி தாகமா இருந்தாலும் ஒரு மடக்குதான். படி ஏறும்போது நடுவுல நின்னா வெக்கமா இருக்கும், போன் பேசுத மாதிரி நின்னுக்கோங்க, நான் அப்பிடித்தான் செய்வேன்" என்றான். சொல்லி முடிக்கிற வரைக்கும் அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. தெருவில் அவன் குட்டியானை தார்ப்பாய் எடுத்து, கழுவித் துடைத்து, சந்தனம் வைத்து நின்றது.

அவன் சொன்னபடி எல்லாம் செய்தேன். கால் வீங்கியது. செருப்பு ஏறவில்லை. ஜெராக்ஸ் எடுக்கும்போது மூடியைத் தூக்கிப் போடுவதற்குள் மூச்சு வாங்கும், வந்தவர்களே மூடியைத் தூக்கிப் போட்டு எடுத்துக்கொண்டார்கள். எனக்குப் பிடித்த வேலை ஏசுவது, அதற்கே மூச்சில்லாமல் போய், பாதி வசவில் நிறுத்தவேண்டியிருந்தது, ஏச்சு வாங்க வந்தவன் "மிச்சத்த நாளைக்குச் சொல்லுங்க யக்கா" என்று சொல்லிவிட்டுப் போவான். டாக்டரம்மா எதையும் மறைக்கவில்லை. இப்படியே போனால் அடுத்த பனங்கிழங்கு சமயத்தைப் பார்ப்பது கஷ்டம் என்று சொல்லிவிட்டார்.

ஒருநாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் காத்திருக்கும்போது, இரண்டு பெண்கள் சிரித்துக்கொண்டே புஷ்பத்திடம் வந்தார்கள். ஒருத்திக்குத் தோல் அரிப்பு, இன்னொருத்திக்கு அஜீரணம், ஒருத்திக்கொருத்தி மாற்றிக்கொள்கிறோம் என்றார்கள். புஷ்பம் அந்தக் கட்டத்தில் இதையும் இந்தக் கட்டத்தில் அதையும் எழுதிச் சேமித்தாள். ஒருத்தி சொறிவதை நிறுத்தினாள், இன்னொருத்தி ஏப்பம் விடுவதை நிறுத்தினாள், கிளம்பிப் போனார்கள். அவ்வளவுதான். கமிட்டியும் வேண்டாம் பிரசிடெண்டும் வேண்டாம், இரண்டு கட்டத்தை மாற்றி எழுதினால் போதும். சேர்மத்துரையின் தலைவலியை எனக்கும் என்னிடம் இருக்கிற அவன் இதயத்தை அவனுக்கும் எழுத இவளுக்கு அரை நிமிஷம் ஆகாது, இத்தனை நாளாக என் கையைப் பிடித்து டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனவள் இவள்தான்.

"ஏட்டி" என்றேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து வந்து கதவைச் சாத்தினாள்.

"ஏசுங்க யக்கா, என்னைய என்ன வேணும்னாலும் ஏசுங்க. வண்டி எடுத்துட்டாரு யக்கா. ஹார்ன் அடிச்சிக்கிட்டு வாராரு. ராத்திரி மூச்சு சத்தத்த எண்ணிக்கிட்டுக் கெடந்தவ நான், இப்பத்தான் ஒறங்குதேன்."

"அதுக்கு நான் சாவணுமாட்டி?"

அவள் அழுதாள். அழுதுகொண்டே அதைச் சொன்னாள். "அவருக்கு நான் இருக்கேன் யக்கா. உங்க பின்னால அழ யாரு இருக்கா?"

ஓங்கி ஒன்று வைத்திருப்பேன், கை எழவில்லை. நோயால் எழவில்லையா, அவள் சொன்னது உண்மை என்பதால் எழவில்லையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. சொன்ன பிறகு அவளே தன் வாயில் அடித்துக்கொண்டு என் வீங்கின காலைக் கட்டிக்கொண்டாள். சீ போ, சனியனே என்று நான் அவளை உதறிவிட்டேன், பிறகு அவள் தலையில் கையை வைத்துக்கொண்டேன். என் மனசில் இருந்தது இன்னதென்று எனக்கே விளங்கவில்லை. சேர்மத்துரை ஹார்ன் அடிக்கிற சத்தம் எனக்கும் பிடித்துத்தான் இருந்தது.

ரெண்டு பேரும் மூக்கைச் சிந்திக்கொண்டு திரையைப் பார்த்தோம். அட்டவணையின் அடியில், எல்லாப் பெயருக்கும் கீழே, ஒரு வரி இருந்தது. அதில் பெயரும் இல்லை, வயதும் இல்லை, வீடும் இல்லை. நோய் இருந்த கட்டத்தில் மட்டும் 'தேமல்' என்று இருந்தது. நோய் வரிசை இறங்கினபோது கடைசி ஆளுடைய தேமல் கீழே விழுந்து, தாங்க ஆள் இல்லாமல் அங்கேயே கிடந்திருக்கிறது. ஊரில் யாருக்கும் அந்தத் தேமல் இல்லை.

"என் நெஞ்சுல இருக்குத இதயும் அப்பிடி ஆளில்லாத வரியில போட்டிருவோம் புஷ்பம்" என்றேன்.

புது வரி ஒன்று திறந்து நோயை எழுதினாள். தானாக விழுந்ததை ஏற்றுக்கொண்ட அட்டவணை, நாங்களாக எழுதினதை ஏற்கவில்லை. பெயர் இல்லை என்று சிவப்பு நட்சத்திரம் போட்டுக் காட்டியது. யாரும் வைக்காத பெயராக ஒன்று வேண்டும் என்று யோசித்தோம். ஊரில் முத்துமணி உண்டு, தங்கமணி உண்டு, வெளியே வெயில் கொளுத்தியது, "கோடைமணின்னு போடு" என்றேன். வயது கேட்டது, ஐம்பது என்று போட்டாள். வீடு கேட்டது, கூரை விழுந்து ஆள் போகாமல் கிடக்கிற அரிசி மில்லைப் போட்டாள். மாத்திரை கேட்டது, என்னுடையதைப் போட்டாள். கூட வருபவர் என்ற கட்டத்துக்கு வந்தபோது ரெண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம், அந்தக் கட்டத்துக்கு மட்டும் சிவப்பு நட்சத்திரம் வரவில்லை, காலியாக விட்டுவிட்டோம். என் கட்டத்தில் இருந்த இதயத்தை அழித்தாள். சேமித்தாள். எனக்குள்ளே ஒரு ஜன்னலைத் திறந்துவிட்ட மாதிரி காற்று வந்தது. முதல் வேலையாக, ஜெராக்ஸ் எடுத்துவிட்டுச் சில்லறை தராமல் போன ஒருத்தனை வாசலில் நின்று மூச்சு விடாமல் முழுசாக ஏசி முடித்தேன்.

இந்த மாதிரி விஷயம் ஊரில் ரகசியமாக நிற்குமா? மறுநாளே ஆஸ்பத்திரி வாசலில் வரிசை. எல்லார் கையிலும் ஒவ்வொரு பெயர் இருந்தது. யாரும் வைக்காத பெயர்களாக வீட்டில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டு வந்திருந்தார்கள். தர்மகர்த்தா மூன்று பெயர் வைத்திருந்தார், எது தோது என்று என்னிடம் கேட்டார். பிரசிடெண்ட் வந்து, தனக்கு ஒன்றும் இல்லை என்றாலும் பின்னால் வந்தால் ஆகும் என்று ஒரு பெயரை முன்கூட்டியே பதிந்து வைக்க முடியுமா என்று விசாரித்தார். அந்த நேரத்தில்தான் மினி பஸ் வந்து நின்றது.

அதிலிருந்து ஒரு ஆள் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார். கையில் ஒரு மஞ்சப்பை. ஒல்லியான ஆள், கால் மட்டும் வீங்கியிருந்தது. இறங்கின இடத்திலேயே நின்று, காதில் போனை வைத்துக்கொண்டார், ஆனால் ஒன்றும் பேசவில்லை. கொஞ்சம் மூச்சு வந்ததும் வரிசையைப் பார்த்து, "இங்கே அரிசி மில்லுக்கு எப்படிப் போக வேண்டும்?" என்று கேட்டார்.

"எந்த ஊரு அண்ணாச்சி உமக்கு?" என்றார் சங்கிலிபூதம்.

"இந்த ஊர்தான். என் பெயர் கோடைமணி. வயது ஐம்பது."

வரிசை சத்தமில்லாமல் கலைந்தது. ஒவ்வொருவரும் தான் யோசித்து வைத்திருந்த பெயரை மறக்கப் பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். தேமல் வரிக்குப் பெயர் போடாதவரைக்கும் நல்லதாயிற்று என்று தர்மகர்த்தா மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் அரிசி மில்லில் போய்த் தங்கினார். எங்கள் ஊர் பொல்லாத ஊர் இல்லை. சங்கிலிபூதம் உப்பில்லாமல் தோசை சுட்டுக் கொடுத்தனுப்பினார், யாரோ ஓலை போட்டு மில்லின் ஒரு மூலையை மூடினார்கள், சேர்மத்துரை தன் பழைய நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்து அன்று முழுக்க வண்டி எடுக்கவில்லை. ஆனால் யாரும் அவரிடம் உட்கார்ந்து பேசவில்லை, பேச அவரிடமும் ஒன்றும் இல்லை. அம்மா யார், படித்தது எங்கே, கல்யாணம் ஆனதா என்று கேட்டால், அவர் நிஜமாகவே யோசித்துப் பார்த்து, "அது தெரியவில்லை" என்று சொல்லி, சொல்ல முடியாததற்காக மன்னிப்புக் கேட்கிற மாதிரிச் சிரிப்பார். நாங்கள் கொடுத்தது அவ்வளவுதானே. நான் மட்டும் தூரத்தில் நின்று பார்ப்பேன், அவர் படி ஏறும்போது எந்தப் படியில் நிற்பார் என்று எனக்குத் தெரியும், அந்தப் படி வருவதற்கு முன்னாலேயே என் நெஞ்சு அடைக்கும்.

ஒருநாள் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். உதடு நீலமாக இருந்தது. டாக்டரம்மா பார்த்துவிட்டு, "இன்னைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போகணும், இங்க வச்சிருக்க முடியாது, புஷ்பம், அனுப்பு" என்று சொல்லிவிட்டு மருந்து ஏற்றப் போனார். இங்கே அனுப்பினால் அங்கே அவர்கள் திரையில் அவருடைய வரி தெரியும். பெரியாஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் போனில் கூப்பிட்டாள். "கோடைமணின்னு அனுப்பியிருக்கீங்க, கூட யாரு? கட்டம் காலியா இருக்கு. ஆள் இல்லாம அனுப்பாதீங்க, இங்க யாரு பாத்துக்கிடுவா?"

புஷ்பம் நிமிர்ந்து பார்த்தாள். அறையில் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். சங்கிலிபூதம் கல் காய்கிறது என்றார். தர்மகர்த்தாவுக்கு நடை சாத்தவேண்டும். பிரசிடெண்ட் இதற்கு ஒரு ஏற்பாடு செய்யலாம் என்று சொல்லிக்கொண்டே பின்னால் நடந்தார். கடைசியில் பெஞ்சில் அவரும், திரை முன்னால் புஷ்பமும், வாசலில் நானும்தான் மிச்சம்.

புஷ்பம் மெல்லிய குரலில், "யக்கா, இவரு நம்ம எழுதுனதுதான" என்றாள். "வரிய அழிச்சிருவோம். அவருக்கு ஒண்ணும் தெரியாது. இல்லாமலே போயிருவாரு. வலிக்காது யக்கா." அவள் விரல் அந்த வரியின் மேல் நின்றது. 'நிச்சயமாக அழிக்கவா?' என்று திரை கேட்டுக்கொண்டிருந்தது.

நான் அவரைப் பார்த்தேன். அவர் பெஞ்சில் சாய்ந்து, மல்லாக்கப் படுக்காமல், மஞ்சப்பையை முதுகுக்கு முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். அதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, மேல்வீட்டுக்காரி நான்தான் போய்ச் சொல்லியிருக்கவேண்டும், ஒரு ஞாயிற்றுக்கிழமையும் நான் போகவில்லை. என்னைப் பார்த்ததும் அவர் காலை மடக்கிக்கொண்டு நான் உட்கார இடம் விட்டார். இல்லாத ஆளா இடம் விடுவான்? உங்க பின்னால அழ யாரு இருக்கா என்று இவள் கேட்டாளே, அந்தக் கேள்வியை அப்படியே தூக்கி இந்த ஆள் தலையில் வைத்துவிட்டு நான் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது. எனக்கு வந்த ஆத்திரம் யார் மேல் என்று தெரியவில்லை.

"கைய எடுட்டி, சவத்து மூதி" என்று கத்தினேன். "எடுங்கேன்! கூட வருபவர்னு இருக்குல்லா, அதுல போடு. எஸ்தர்கனி. ஜெராக்ஸ் கடை, ஆஸ்பத்திரிக்கு எதிர."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினாள். "உறவு கேக்குது யக்கா. என்னன்னு போட?"

யோசிக்க நேரமில்லை. "தம்பின்னு போடு."

சேமித்தாள். பெஞ்சில் இருந்த ஆள் தலையைத் திருப்பி, "யக்கா, கடைய ஒழுங்காப் பூட்டுனியா? அன்னைக்கு மாதிரி ஷட்டரத் தெறந்து போட்டுட்டு வந்துராத. பெறவு ஊரையே ஏசுவ" என்றான்.

நான் குனிந்து அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் மேலுதட்டில் ஒரு தழும்பு. கொல்லாமரத்துக் கிளையிலிருந்து விழுந்து வாய் கிழிந்தபோது நான்தான் பாவாடையைக் கிழித்து அமுக்கிப் பிடித்துக்கொண்டு தேரிமணலில் ஓடினேன், மணல் சுட்டது, அவன் ரத்தத்தை விழுங்கிக்கொண்டே அம்மாவிடம் சொல்லாதே என்றான். அந்தத் தழும்பு அவன் பஸ்ஸிலிருந்து இறங்கினபோது இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. நான் ஒற்றைப் பிள்ளை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். பொரிகடலையில் எனக்குள்ள பங்கையும் அவனே தின்றுவிடுவான் என்பதும் தெரியும். ரெண்டும் உண்மையாகத்தான் இருக்கிறது, ஒன்று இன்னொன்றைத் தள்ளவில்லை. புஷ்பத்திடம் கேட்டேன், "ஏட்டி, எனக்குத் தம்பி உண்டுமா?" அவள் திரையைப் பார்த்துவிட்டு, "ஆமா யக்கா, போட்டிருக்கே" என்றாள்.

சேர்மத்துரை குட்டியானையைக் கொண்டுவந்து நிறுத்தினான். பின்னால் மெத்தை விரித்து, நாலு தலையணையையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினான், அவனும் புஷ்பமும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து என் தம்பியை ஏற்றினார்கள். வழியெல்லாம் அவன் தண்ணீர் கேட்டான், நான் ஒரு மடக்குக்கு மேல் கொடுக்கவில்லை, அதற்கு அவன் என்னைக் கஞ்சப் பிசினாறி என்றான், நான் அவனை ஏசினேன், ஏசும்போது எனக்கு அழுகை வந்துகொண்டே இருந்தது. அவன் வரியில் உள்ள நோயை எங்கேயும் தள்ள முடியாது என்று எனக்குத் தெரியும். தள்ளினால் அது இன்னொருத்தர் நெஞ்சில்தான் போய் உட்காரும் என்பதும் தெரியும்.

பெரியாஸ்பத்திரியில் அவனை உள்ளே கொண்டுபோய்விட்டு என்னை வராந்தாவில் உட்காரச் சொன்னார்கள். கூட வந்தவர்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள், தூக்குவாளியும் பாயுமாக, ஒருவரையொருவர் யாருக்கு என்ன என்று விசாரித்துக்கொண்டு. பக்கத்தில் இருந்த அம்மாள், "உங்களுக்கு யாரு?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் கதவு திறந்து, ஒரு நர்ஸ் தலையை நீட்டி, கையில் இருந்த சீட்டைப் பார்த்துச் சத்தமாகக் கூப்பிட்டாள்.

"கோடைமணி! கோடைமணி கூட யாரு?"

"நான்தான்" என்றேன். "அவன் அக்கா. இந்தா வாரேன்."